வென்றால் ‘நாம்’, தோற்றால் ‘அவர்கள்’

ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி ஒரு தேநீர்க் கடை உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் அதன் பெஞ்சில் இடம் கிடைப்பது அரிது. நம் மாணவர் சிலரும், வேலை முடிந்து திரும்பும் இளைஞர் சிலரும் அங்கே கூடுவர். பேச்சு பெரும்பாலும் கால்பந்து பற்றியதாகவே இருக்கும். மதுரைக்கென்று ஐ.எஸ்.எல். அணி கிடையாது, ஆகவே சென்னையின் எஃப்.சி.யே இவர்களுக்கு ‘நம்ம டீம்’. அண்மையில் ஒரு மாலை, 2018ஆம் ஆண்டின் இறுதிப்போட்டி பேச்சில் வந்தது.

“பெங்களூர அவங்க ஊர்லயே வச்சு நாம அடிச்சோம்ல!”

“அடிச்சது ரெண்டும் கார்னர்ல மாப்ள. மத்த நேரமெல்லாம் பந்து அவங்க கால்லதான் கெடந்துச்சு. லக்குடா.”

“சரி, அதுக்கு அடுத்த வருசம்?”

“அத விடு. அவனுங்க கேவலமா ஆடுனானுங்க.”

தேநீர் ஆறிக்கொண்டிருக்க, இந்த உரையாடலின் இலக்கணத்தில் நம் மனம் சிக்கிக்கொண்டது. ‘நாம அடிச்சோம்’ என்று தொடங்கிய வாய், மூன்றே வாக்கியங்களில் ‘அவனுங்க ஆடுனானுங்க’ என்று முடித்துவிட்டது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, கேட்பவரை விலக்கிவைக்கும் ‘நாங்கள்’ என இரண்டு தன்மைப் பன்மைகள் நம் மொழிக்கு உண்டு. வகுப்பில் இதைப் பெருமையோடு சொல்லித் தருகிறோம். தோல்வி என்று வரும்போது ரசிகனுக்கு இரண்டுமே வேண்டியிருப்பதில்லை. அவன் நேரே படர்க்கைக்குப் போய்விடுகிறான்.

முதலில் அந்த ‘லக்’ என்னும் சொல்லைப் பார்ப்போம். பெங்களூரு எஃப்.சி. சாதாரண அணியன்று. 2013இல் தோன்றி இரண்டு முறை ஐ-லீக் பட்டம் வென்றது, 2016இல் ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதிக்கு முன்னேறிய முதல் இந்திய அணியும் அதுவே. 2017-18இல் ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்த முதல் பருவத்திலேயே, 18 லீக் ஆட்டங்களில் 40 புள்ளிகள் பெற்று முதலிடம் பிடித்தது. இரண்டாமிடத்தில் நின்ற சென்னைக்கு 32 புள்ளிகள். எட்டுப் புள்ளி இடைவெளி சிறிதன்று. 2018 மார்ச் 17 அன்று ஸ்ரீ கண்டீரவா அரங்கில், தன் சொந்த மக்கள் முன்னிலையில், ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி தலையால் முட்டிப் பெங்களூருவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். பல அணிகள் அங்கேயே நொறுங்கியிருக்கும்.

சென்னை நொறுங்கவில்லை. 17ஆவது நிமிடத்திலும், இடைவேளைக்குச் சற்று முன் 45ஆவது நிமிடத்திலும், கிரெகரி நெல்சன் அடித்த கார்னர்களைத் தற்காப்பு ஆட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் கோலாக்கினார். 67ஆவது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலை அடித்தார். கூடுதல் நேரத்தில் மிக்கு ஒன்றைத் திருப்பியும், 3-2 என்ற கணக்கில் கோப்பை சென்னைக்கு வந்தது. 2015க்குப் பின் அது இரண்டாவது பட்டம்.

இரண்டு கோல்கள் கார்னரில் வந்தமையால் அது அதிர்ஷ்டம் ஆகிவிடுமா? பலம் மிக்க அணியை எதிர்த்து ஆடுவோர் நாள் முழுதும் பந்தைத் தம் காலில் வைத்திருக்க முடியாது. ஓடும் ஆட்டத்தில் வல்லவர் கை ஓங்கியே இருக்கும். கார்னர் என்பதோ ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும் கணம். பின்களத்து நெடியவர்கள் முன்னே வரலாம்; பயிற்சியில் பலமுறை ஒத்திகை பார்த்த ஓட்டத்தை அப்படியே நிகழ்த்தலாம். இரு அணிகளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு அந்தச் சில நொடிகளில் ஏறக்குறைய அழிந்துவிடுகிறது. எளிய அணியின் முதன்மையான ஆயுதமே அதுதான். ஒரே ஆட்டத்தில், ஒரே காலிலிருந்து வந்த பந்தை, ஒரே தலை இருமுறை வலைக்குள் செலுத்துவதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவது, பயிற்சியாளர் ஜான் கிரெகரியின் உழைப்பையும் வீரர்களின் உழைப்பையும் ஒருங்கே மறுப்பதாகும்.

அடுத்த பருவத்தைப் பார்ப்போம். 2018-19இல் அதே பயிற்சியாளரின் கீழ் ஆடிய சென்னை, 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளோடும் 9 புள்ளிகளோடும் பத்து அணிகளில் கடைசியாக வந்தது. ‘கேவலம்’ என்று நண்பர் சொன்னது இதைத்தான். அந்தச் சொல்லை முற்றிலும் மறுக்க நமக்கு மனமில்லை. பட்டம் வென்ற அணி அடுத்த ஆண்டே அடிமட்டத்துக்குச் செல்வது கடிந்து பேசத்தக்கதே. ஆயினும் அந்த இரண்டு வெற்றிகளுள் ஒன்று யாருக்கு எதிராக வந்தது என்பது பெஞ்சில் இருந்த ஒருவருக்கும் நினைவில் இல்லை! 2019 பிப்ரவரி 9 அன்று, சென்னையில், அதே பெங்களூருவை 2-1 என்று நம் அணி வென்றது. ஜெஜேயும் நெல்சனும் கோல் அடித்தனர். அந்தப் பெங்களூருதான் அடுத்த மாதம் 17ஆம் தேதி கோவாவை வீழ்த்திக் கோப்பையை ஏந்தியது. கடைசி இடத்து அணி, வருங்காலச் சாம்பியனை மண்கவ்வ வைத்த நாள் அது. ‘நாம அடிச்சோம்’ என்று சொல்ல அன்று ஆளில்லை. ரசிகர் எல்லோரும் ஏற்கெனவே படர்க்கைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

புள்ளிப் பட்டியலை வைத்து ஆட்டத்தை மதிப்பிடுகிறோம் என்பதே நம் குற்றச்சாட்டு. ஆட்டத்தை ஆட்டமாகப் பார்ப்பதில்லை. வென்றால் செய்ததெல்லாம் திட்டம். தோற்றால் செய்ததெல்லாம் மடமை. கதையின் முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிக் காரணம் அடுக்குவது திறனாய்வு ஆகாது. மாணவரின் விடைத்தாளில் இதைக் கண்டால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைக்கிறோம்.

இதைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்றால், இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் அணி, தன்னைவிடப் பன்மடங்கு வலிய ஒரு கல்லூரி அணியிடம் 0-5 என்று தோற்றது. கோல்கீப்பராக நின்ற மாணவன் தடுத்த பந்துகள் ஐந்தினும் மிகுதி. ஒருமுறை கம்பத்தில் மோதித் தோள் சிராய்த்தும் எழுந்து நின்றான். திரும்பும் பேருந்தில் யாரோ அவனுக்கு ‘சல்லடை’ என்று பெயர் சூட்டினார்கள். பேருந்தே சிரித்தது. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த நாமும் சிரித்தோம். அதன்பின் அவன் கையுறை அணியவேயில்லை. “படிப்பு இருக்குங்கய்யா” என்று மட்டும் சொன்னான். அவன் தடுத்தவற்றுள் ஒன்றையேனும் அன்று உரக்கச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறோம்.

இதனால், தோற்றவரை எல்லாம் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். ‘போராடித் தோற்றார்கள்’ என்பதும் சோம்பலான தீர்ப்பே. அதில் இரக்கம் இருக்கிறது, மதிப்பு இல்லை. வலியவரோடு மோதிய அணியிடம் கேட்க வேண்டியவை வேறு. தன் கையில் இருந்ததை முழுதும் பயன்படுத்தியதா? அஞ்சி ஒதுங்கியதா, அறிந்து பதுங்கியதா? கிடைத்த நான்கைந்து வாய்ப்புகளில் என்ன செய்தது? இவற்றைக் கேட்டபின் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். அந்தத் திட்டு அணிக்கும் பயன்படும்.

இந்த மதிப்பீட்டு முறை நமக்குப் புதிதன்று. வெண்ணிப் போரில் கரிகால் வளவன் வென்றான். முதுகில் புண்பட்ட பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். வென்ற மன்னனின் முகத்துக்கு நேரே, உன்னிலும் அவன் நல்லவன் அன்றோ என்ற பொருள்படக் கேட்டார் வெண்ணிக் குயத்தியார். வெற்றியை அவர் மறைக்கவில்லை. அது யாருடையது என்பதில் அவருக்கு ஐயமும் இல்லை. முடிவு வேறு, மதிப்பு வேறு என்று பிரித்தறியும் கண் அவருக்கு இருந்தது. போரைப் பற்றியே அப்படிப் பேசிய மரபினருக்குத் தொண்ணூறு நிமிட ஆட்டத்தைப் பற்றி அவ்வாறு பேச இயலாதா?

அன்று பெஞ்சை விட்டு எழும்போது பிப்ரவரி 9 பற்றிச் சொன்னோம். முதலில் நம்பவில்லை. ஒருவன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “ஆமா மாப்ள, ஜெயிச்சிருக்கானுங்க” என்றான். ஒரு நொடி கழித்து, சற்றே வெட்கத்தோடு, “ஜெயிச்சிருக்கோம்” என்று திருத்திக்கொண்டான்.

அந்தத் திருத்தத்துக்கு மட்டும் முழு மதிப்பெண் அளித்தோம்.