அடுத்து என்ன படிக்கலாம், சார்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன மாதம் ஓய்வூதியர் நேர்காணலுக்கு ஆதார் நகல் வேண்டியிருந்தது. வருடத்துக்கு ஒரு முறை நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலைப் பக்கம் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் ஆதாரை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"சார், நீங்க கணக்கு சார்தானே? லெவன்த்ல நான் உங்க கிளாஸ்."

எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கே மீசை நரைத்துவிட்டது.

"என்கிட்டேர்ந்து ஒரு புக்கைப் பிடுங்குனீங்க சார். க்ரைம் நாவல். கடைசி பத்து பக்கம்தான் பாக்கி. கொலைகாரன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

சிரித்தார். நானும் சிரித்தேன். மிஷினில் பேப்பரை வைத்துக்கொண்டே, "அதுக்கப்புறம் பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் தொடல சார். அப்படியே விட்டுப் போச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஏதோ பழைய சைக்கிள் தொலைந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னார். நகலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

நினைவுபடுத்திப் பார்த்தேன். 1994 அல்லது 95. அப்போதெல்லாம் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கமிருந்து ரயிலில் வரும் பையன்கள் ஸ்டேஷன் கடையில் பாக்கெட் நாவல் வாங்கி, ஒரே புத்தகத்தைப் பத்துப் பேர் கை மாற்றிப் படிப்பார்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. நான் பிடுங்கி ஸ்டாஃப் ரூம் மேஜை இழுப்பறைக்குள் போடுவேன். வருடக் கடைசியில் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடும். ஒழுக்கத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த நாட்களில் என் பையில் 'பொன்னியின் செல்வன்' இருந்தது. ஓய்வு பீரியடில் நானும் கதைதான் படித்துக்கொண்டிருந்தேன். 1950 முதல் 54 வரை கல்கியில் வாரா வாரம் தொடராக வந்த கதை. பெட்டிக்கடையில் தொங்கிய பத்திரிகையில் வந்ததுதான். அதன் நடு மையத்தில் என்ன இருக்கிறது? ஒரு கொலை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? ஐந்து பாகம் படித்த பிறகும் கல்கி அடித்துச் சொல்லவில்லை. அந்தப் பையனுக்குப் பத்துப் பக்கத்தில் விடை இருந்தது, எனக்கு அதுவும் இல்லை. நான் செய்தால் இலக்கியம், அவன் செய்தால் ஒழுங்கீனம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நகலைக் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "பையன் காலேஜ் போயிட்டான் சார். மத்தியானத்துல கடையில ஈ ஓட்டுறேன். மொபைல் பார்த்துப் பார்த்துக் கண்ணு எரியுது. என்ன படிக்கலாம்? பிடுங்குனது நீங்க, நீங்களே சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்பா" என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அலமாரி முன்னால் நின்றேன். கை தானாகப் பெரிய பெரிய புத்தகமாக எடுத்தது. எல்லாம் விருது வாங்கியவை, எல்லாம் எண்ணூறு பக்கத்துக்குக் குறையாதவை. என் மனைவி பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அவரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரா, இல்ல பிஎச்.டி. பண்ணப் போறாரா?" எடுத்ததைத் திருப்பி வைத்தேன்.

ஒருவர் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டால் நாம் உடனே செய்வது, நமக்குப் பெருமை தரும் புத்தகத்தைச் சொல்வது. கேட்டவர் யார், கடைசியாக எதைப் படித்தார், எந்த இடத்தில் விட்டார் என்று விசாரிப்பதே இல்லை. புத்தகக் கண்காட்சி வந்தால் முகநூல் முழுக்கப் பட்டியல். 'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நாவல்கள்.' பட்டியல் போடும் எழுத்தாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எஸ்.ராமகிருஷ்ணன், ஜெயமோகன் போன்றவர்களின் பரிந்துரையால்தான் எனக்குப் பல புத்தகங்கள் தெரிய வந்தன. க.நா.சு. இதே வேலைக்காக எழுதிய புத்தகத்துக்கு 'படித்திருக்கிறீர்களா?' என்று பெயர் வைத்தார். கேள்வியாக வைத்தார் பாருங்கள், அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். இப்போதைய பட்டியல்கள் பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி இருக்கின்றன. நூறில் பன்னிரண்டு படித்தவன் எண்பத்தெட்டுக்குக் கடன்காரன் ஆகிவிடுகிறான்.

ஆன்லைன் கடைகள் இதற்கு நேர் எதிர்ப் பக்கம். முழங்கால் வலி பற்றி ஒரே ஒரு புத்தகம் வாங்கினேன். அன்றிலிருந்து அந்தக் கடைக்கு நான் ஒரு முழங்கால் மட்டும்தான். மூட்டு, எலும்பு, தைலம் என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு வகையில் நுழைந்தவனை அதே வகைக்குள் வைத்துப் பூட்டிவிடும்.

அப்படிப் பூட்டப்பட்ட அனுபவம் கம்ப்யூட்டர் இல்லாமலே எனக்கு உண்டு. ஓய்வு பெற்ற முதல் வருடம் சரித்திர நாவலைத் தவிர வேறொன்றும் தொடவில்லை. கல்கி முடிந்து சாண்டில்யன். 'யவன ராணி', 'கடல் புறா', பிறகு கையில் கிடைத்ததெல்லாம். ஒரு கட்டத்தில் எந்த இளவரசி எந்த நாவலில் வருகிறாள் என்றே குழம்பிப்போயிற்று. படிப்பே அலுத்து, இரண்டு மாதம் டி.வி.தான். மீட்டது எது தெரியுமா? அந்தப் பழைய கேள்விதான். ஆதித்த கரிகாலனை யார் கொன்றது என்று கல்கி சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லியிருப்பார்களா என்று தேடி, நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றுக்குப் போனேன். அங்கிருந்து காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. அதில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் இருக்கிறது, பாண்டியன் தலை கொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று. நாவலில் பார்த்த ரவிதாசன் கல்லில் இருக்கிறான்! மறுபடி படிக்க ஆரம்பித்தது அன்றுதான். நாவலிலிருந்து வரலாறு, வரலாற்றிலிருந்து கல்வெட்டு. வகை மாறிக்கொண்டே போயிற்று, கேள்வி மட்டும் மாறவில்லை.

இதுதான் என் கட்சி. அடுத்த புத்தகத்தை வகை பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கடைசிப் புத்தகம் உங்களுக்குள் எதை விட்டுப்போனதோ அதன் பின்னால் போங்கள். அது நாவலில் கிடைக்கலாம், தன்வரலாற்றில் கிடைக்கலாம், காமிக்ஸில் கூடக் கிடைக்கலாம். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' பண்டிதர்களுக்கான புத்தகம் என்று நாற்பது வருடம் ஒதுக்கிவைத்திருந்தேன். அது ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்று தெரிந்த பிறகுதான் தைரியமாக எடுத்தேன். ஏடு தேடி ஊர் ஊராக அலையும் மனிதர் எந்தத் துப்பறிவாளருக்கும் குறைந்தவர் இல்லை.

நூலகத்தில் வகை பிரித்துத்தானே வைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். தேடி எடுக்க அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப் பிரிப்பதில் உலகத்துக்கே வழி காட்டிய நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதனைக் கொஞ்சம் பாருங்கள். 1892இல் பிறந்தவர். கணக்கு வாத்தியார் (எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை). 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில், ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தாராம். அதே பட்டைகள், அதே திருகுகள், மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. ஒரு புத்தகத்தை ஒரே பெட்டியில் அடைக்க வேண்டியதில்லை, அதன் பல முகங்களையும் சேர்த்துப் பூட்டிக் காட்டலாம் என்ற யோசனை அங்கேதான் வந்தது. 1933இல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஐந்து விதிகள் எழுதிவிட்டார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இதில் நல்ல நூல், மட்ட நூல் என்ற பேச்சே இல்லை. நான் வேலை பார்த்த பள்ளியில் புத்தக அலமாரிக்குப் பூட்டு இருந்தது. சாவி யாரிடம் என்று எங்களுக்கே அடிக்கடி தெரியாது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் இப்போது உட்கார இடம் கிடைப்பதில்லை. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பிள்ளைகள். அவர்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், வேலை கிடைத்தால்தான் வீட்டில் உலை. ஆனால் போன வாரம் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் ஒரு பெண் குழந்தை பேய்க்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். அவள் அப்பா, "கதையெல்லாம் எதுக்கு, பொது அறிவு எடும்மா" என்று வாங்கித் திருப்பி வைத்தார். பேச வாயெடுத்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

எதையாவது படித்தால் போதும் என்கிறவனும் இல்லை நான். மட்டமான எழுத்து எல்லா வகையிலும் உண்டு, விருது வாங்கியதிலும் உண்டு. முப்பது பக்கம் போயும் ஒட்டவில்லை என்றால் மூடி வைத்துவிடுகிறேன். அந்தத் தைரியம் வர எனக்கு அறுபது வயதாயிற்று. கனமான ஒன்றை முடித்தால் அடுத்து இலேசாக ஒன்று. சாம்பாருக்கு மேல் மறுபடியும் சாம்பாரா ஊற்றிக்கொள்கிறோம்?

சரி, ஜெராக்ஸ் கடைக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள்.

நான்கு நாள் கழித்து வெறுங்கையோடு போனேன். புத்தகம் எதுவும் சொல்லாமல் பேச்சுக் கொடுத்தேன். வீடு வரதராஜபுரம் பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீர், மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். "மழை பெஞ்சது சரி சார். ஆனா தண்ணி எங்க வீட்டுக்குள்ள ஏன் வந்துச்சு? ஏரியா, ஆறா? யாரு பண்ண வேலை இது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார். பத்து வருடமாக அவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதுவும் யார் செய்தது என்கிற கேள்வி. பதினொன்றாம் வகுப்பில் விட்ட அதே இடம்.

மறுநாள் இரண்டு புத்தகம் கொண்டுபோனேன். ஒன்று அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சின்ன நாவல், சென்னையில் ஒரு தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற காலத்துக் கதை. தண்ணீர் வந்து மூழ்கடித்தவருக்குத் தண்ணீர் வராத கதை. இன்னொன்று நக்கீரனின் 'நீர் எழுத்து', கட்டுரை நூல், தமிழ்நாட்டு நீரின் கதை. "இது ரெண்டும் பிடிச்சா, இவரே எழுதின நாவல் ஒண்ணு இருக்கு, 'காடோடி'ன்னு. போர்னியோ காட்டுல மரம் வெட்டுற கதை. பிடிக்கலைன்னா அப்படியே வச்சுடு, நான் கேட்க மாட்டேன்" என்றேன்.

"பரீட்சை வைக்க மாட்டீங்களே சார்?" என்றார்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் 'தண்ணீர்' இருந்தது, பாதியில் கரண்ட் பில் செருகி. சொன்னபடி ஒன்றும் கேட்கவில்லை. அதன் மேலே அட்டை கிழிந்த பழைய க்ரைம் நாவல் ஒன்று கிடந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கினாராம். நான் பிடுங்கிய அதே கதைதானா என்று அவருக்கே நிச்சயம் இல்லை, தலைப்பு மறந்துவிட்டது.

"படிச்சாச்சா?" என்றேன்.

"ஆச்சு சார். நீங்க எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது பக்கம் எண்பதில் இருக்கிறேன். யாராவது வந்து முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.