சிலை மாதிரி நிக்கிற நாய்க்கு எப்படி மார்க் போடுறது?

ரீல்ஸ் ஸ்க்ரோல் பண்றப்போ நிச்சயம் கண்ணுல பட்டிருக்கும். செம்பு நிறத்துல ஒரு நாய். முன்னங்கால் ஒண்ணை மடக்கித் தூக்கி, வாலை நீட்டி, மூக்கை ஒரு புதர் பக்கம் வச்சு அப்படியே உறைஞ்சு நிக்கும். 'வீடியோ ஸ்டக் ஆகிடுச்சோ'ன்னு போனைத் தட்டிப் பார்த்திருப்பீங்க. உத்துப் பார்த்தா பின்னாடி புல் காத்துல ஆடிக்கிட்டுதான் இருக்கும். நாய் மட்டும்தான் ஆடாது.

இதுக்குப் பேர்தான் 'பாயின்டிங்'. 'பறவை இங்கேதான் பதுங்கியிருக்கு, நீ வா'ன்னு எஜமானுக்கு நாய் சொல்ற சேதி. பாயின்டர், செட்டர், ஹங்கேரியின் விஸ்லா, ஜெர்மனியின் வெய்மரானர் எல்லாம் இந்த வகை. நம்ம ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால பார்த்துத் துரத்துற நாய்கள். இவை அதுக்கு நேர் எதிர். மூக்கால கண்டுபிடிச்சு, துரத்தாம நிக்கிறதுதான் இவற்றோட வேலையே.

பிரிட்டனில் இந்த நாய்களைச் சுற்றி ஒரு கேள்வி இருக்கு. அங்கே கோடைக்காலத்துல 'கேம் ஃபேர்'னு நடக்கிற கிராமப்புறத் திருவிழாக்கள் ரொம்ப பிரபலம். 1958-ல் ஸ்டெட்ச்வொர்த் என்ற ஊரில் தொடங்கியதுதான் இதில் பெரிய ஃபேர். துப்பாக்கி சுடுதல், மீன்பிடித் தூண்டில், பருந்து வித்தை, சாப்பாட்டுக் கடைனு மூணு நாள் களைகட்டும். நாய்ப் போட்டி இல்லாத ஃபேரே கிடையாது. ஆனா அந்தப் போட்டிகள்ல கப்பைத் தூக்குறது பெரும்பாலும் லேப்ரடார் மாதிரியான ரெட்ரீவர்களும் ஸ்பேனியல்களும்தான். பாயின்டிங் நாய்களை ஏன் சேர்க்கலை? சேர்த்தா எப்படிச் சேர்க்கிறது?

'பேர் கொடுக்கவிட்டா போதுமே, இதுல என்ன பிரச்னை'ன்னு தோணும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு.

ஸ்டாப்வாட்ச் யாருக்கு சாதகம்?

ஃபேரில் ரொம்ப ஃபேமஸான போட்டிக்கு 'ஸ்கரி'ன்னு பேர். கேன்வாஸ் துணியில செஞ்ச ஒரு டம்மியை வீசுவாங்க. நாய் ஓடிப்போய்க் கவ்வி எடுத்துட்டு வரணும். யார் சீக்கிரம் வர்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. பார்க்க ஜாலியா இருக்கும், குழந்தைங்க கைதட்டுவாங்க. லேப்ரடாருக்கு இது அல்வா சாப்பிடுற மாதிரி. விழுந்த இடத்தைக் கண்ணால குறிச்சு வச்சு, எடுத்துட்டு வர்றதுக்காகவே பல தலைமுறையா வளர்க்கப்பட்ட நாய் அது.

ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர், விஸ்லா, வெய்மரானர் மாதிரி இனங்களை பிரிட்டனில் 'ஹெச்.பி.ஆர்'னு தனிப் பிரிவா வச்சிருக்காங்க. தேடும், நின்னு காட்டும், எடுத்துட்டும் வரும். மூணு வேலையும் பார்க்கிற ஆல்ரவுண்டர். ஸ்கரியில் இவை கலந்துக்கலாம். ஆனா அங்கே மூணில் ஒரு வேலைக்குத்தான் மார்க். பேட்டிங், பௌலிங், கீப்பிங் மூணும் தெரிஞ்சவரைக் கூப்பிட்டு 100 மீட்டர் ஓடவிட்டு செலக்‌ஷன் நடத்தினா எப்படி இருக்கும்?

பிரிட்டிஷ் பாயின்டர், செட்டர்களோட நிலைமை இன்னும் மோசம். அங்கத்திய வழக்கப்படி இவை பறவையைக் கண்டுபிடிக்கிறதோட சரி, எடுத்துட்டு வர்றது வேற நாயோட வேலை. டம்மி வீசினா பாதி நாய்கள் 'நீயே போய் எடுத்துக்கோ'ங்கிற மாதிரி பார்க்கும்.

சரி, மைதானத்துலேயே பாயின்டிங் டெஸ்ட் வைக்கலாமே? அங்கேதான் சிக்கல். இந்த நாய் காத்துக்கு எதிரா, இடமும் வலமும் நூறு மீட்டருக்கும் மேல வளைஞ்சு வளைஞ்சு ஓடி, காத்துல மிதந்து வர்ற பறவை வாசனையைப் பிடிக்கணும். அதுக்குத் திறந்த நிலம் வேணும், காட்டுப் பறவை வேணும், ஒழுங்கான காத்து வேணும். ஃபேரில் இருக்கிறதோ கயிறு கட்டின மைதானம், ஆயிரக்கணக்கான செருப்புத் தடம், பக்கத்துக் கடையில பர்கர் புகை.

முதல் நாய்க் கண்காட்சியே இவங்களோடதுதான்!

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, நவீன நாய்க் கண்காட்சிங்கிற விஷயமே பாயின்டிங் நாய்களிடமிருந்து வந்ததுதான். நவீன நாய்க் கண்காட்சிகளில் முதலாவது எனச் சொல்லப்படுவது 1859 ஜூனில் நியூகாசிலில் நடந்தது. கலந்துகொண்டது பாயின்டர்களும் செட்டர்களும் மட்டும்தான், பரிசு, துப்பாக்கி. (செட்டர் பிரிவு ஜட்ஜோட நாய் பாயின்டர் பிரிவிலும், பாயின்டர் பிரிவு ஜட்ஜோட நாய் செட்டர் பிரிவிலும் ஜெயிச்சதாக ஒரு கதை உண்டு. செட்டிங்குக்கும் செட்டருக்கும் சம்பந்தம் இல்லைன்னு நம்புவோம்!) 1865-ல் சவுத்ஹில் என்ற இடத்துல முதன்முதலா களத்துல 'ஃபீல்டு ட்ரையல்' வச்சப்பவும் ஓடினது இதே நாய்கள்தான்.

இன்னைக்கு நிலைமை? பிரிட்டன், அயர்லாந்து இனங்களில் வருஷத்துக்கு 300 குட்டி அல்லது அதுக்குக் கீழே பதிவானா, கென்னல் கிளப் அதை அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியல் போடுது. ஐரிஷ் ரெட் அண்ட் ஒயிட் செட்டர் பல வருஷமா அதுல இருக்கு. இங்கிலீஷ் செட்டர் 2012-ல் அதுல இடம்பிடிச்சது. லேப்ரடார் பதிவாகிறதோ வருஷத்துக்குப் பல்லாயிரம்.

காரணம் ஃபேர் மட்டும் இல்லைதான். இந்த நாய்கள் தேடுற சாம்பல் கவுதாரியே 1970-களிலிருந்து பிரிட்டனில் 90 சதவிகிதத்துக்கும் மேல குறைஞ்சுபோச்சு. வேட்டை முறையும் மாறிடுச்சு. ஆட்கள் பறவைகளை விரட்டிவிட, வரிசையா நின்னு சுடுற ஸ்டைலில், தேடித்தர்ற நாய்க்கு வேலை இல்லை. விழுந்ததை எடுத்துட்டு வர்ற நாய்க்குத்தான் டிமாண்ட். ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்கள்ல கிரவுஸ் பறவைகளைக் கணக்கெடுக்க இன்னும் பாயின்டர்களைத்தான் கூட்டிட்டுப் போறாங்க. சுடாம, பறவையை எண்ணிட்டு மட்டும் வர்ற வேலை. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

வேட்டையே பிடிக்காத உங்களுக்கு இதுல என்ன இருக்குன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு சாதாரண குடும்பம் இந்த நாயை நேர்ல பார்க்கிற இடம் ஃபேர்தான். அங்கே அதோட வேலையைக் காட்டலைன்னா, அழகான நிறம், நீலச் சாம்பல் கண், சாதுவான முகம் மட்டும்தான் தெரியும். ரீல்ஸில் தெரியுறதும் அதேதான். நாள் முழுக்க ஓடப் பிறந்த விஸ்லாவை, ஆபீஸ் போறவங்க ஃபிளாட்டுல பூட்டி வச்சா சோபா கிழியும். அப்புறம் 'வளர்க்க முடியலை, யாராவது எடுத்துக்கோங்க'ன்னு போஸ்ட் வரும். நம்ம ஊரிலும் ஹஸ்கி கதை இதுதானே?

கூண்டுக் காடை வேண்டாமே

ஒரு குறுக்குவழி இருக்கு. கூண்டுல காடையையோ புறாவையோ அடைச்சு, புல்லுக்குள்ள மறைச்சு வச்சு, நாயைக் கண்டுபிடிக்க விடுறது. பயிற்சியில் பல நாடுகள்ல செய்றாங்க. பெருங்கூட்டத்துக்கு நடுவுல, ஸ்பீக்கர் சத்தத்துல, ஒவ்வொரு நாயா வந்து மோப்பம் பிடிக்க ஒரு பறவை நாள் முழுக்கக் கூண்டுல கிடக்கணுமா? எனக்கு ஒப்பலை. தவிர, புத்திசாலி நாய் பறவையை விட்டுட்டு, கூண்டு வைக்க வந்தவரோட காலடி வாசனையைப் பிடிச்சே போய் நின்னுடும். அப்போ அது டெஸ்ட்டே இல்லை. கென்னல் கிளப் விதிகளே, ஃபீல்டு ட்ரையல்னா மனுஷன் கை படாத பறவைகளை வச்சுத்தான் நடத்தணும்னு சொல்லுது.

ஹெச்.பி.ஆர் நாய்களுக்குத் தனிப் பிரிவு வைக்கிறது சுலபமான முதல் படி. அதை உடனே செய்யலாம். பாயின்டர், செட்டருக்கு மைதானத்தை வளைக்கிறதைவிட போட்டியைக் களத்துக்கே கொண்டுபோறது சரின்னு படுது. வசந்த காலத்துல, பறவைகள் ஜோடி சேர்ந்திருக்கிற நேரத்துல, சுடாமலே நடத்துற சோதனைகள் ஏற்கெனவே இருக்கு. அதையே ஃபேரோட தகுதிச்சுற்றா அறிவிச்சு, படம் பிடிச்சு, ஃபேர் அன்னைக்குப் பெரிய ஸ்கிரீன்ல ஓட்டலாம். பரிசை மட்டும் மைதானத்துல கொடுக்கலாம்.

'இவ்ளோ மெதுவான விஷயத்தை யார் பார்ப்பா'ன்னு ஏற்பாட்டாளர்கள் கேட்கக்கூடும். மேய்ச்சல் நாய் ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டுறதைக் காட்டுற 'ஒன் மேன் அண்ட் ஹிஸ் டாக்' நிகழ்ச்சியை பி.பி.சி 1976-ல் தொடங்கியபோதும் இதே சந்தேகம் வந்திருக்கலாம். பிரிட்டன் வீடுகள்ல அது சூப்பர் ஹிட்!

இதுல பார்க்க வேண்டிய ஒரு காட்சியும் இருக்கு. பாயின்டர் ட்ரையல்ல ரெண்டு நாய்கள் ஒண்ணா ஓடும். ஒண்ணுக்கு வாசனை கிடைச்சு உறைஞ்சதும், ரொம்ப தூரத்துல ஓடிக்கிட்டிருக்கிற இன்னொண்ணு திரும்பிப் பார்க்கும். அதுக்கு எந்த வாசனையும் வந்திருக்காது. ஆனாலும், 'அவன் நின்னா காரணம் இருக்கும்'னு அதுவும் அங்கேயே சிலையாகிடும். போட்டியாளனோட கண்டுபிடிப்பில் மூக்கை நுழைக்கக் கூடாது. நுழைச்சா மார்க் போச்சு. இதுக்கு 'பேக்கிங்'னு பேர். ஸ்கிரீன்ல ஒரு தடவை இதைக் காட்டட்டும். ஆனா கமென்டரி சொல்றவர் முன்கூட்டியே சொல்லிடணும், வீடியோ ஸ்டக் ஆகலைன்னு.