பட்டன் எறும்பு சைஸ்ல தெரிஞ்சா, குத்தம் ஸ்கிரீன் மேல இல்ல!

போன செமஸ்டர்ல என் ரூம்மேட் புது லேப்டாப் வாங்கினான். 14 இன்ச், 2880 × 1800 பிக்ஸல். படம் போட்டா கண்ணுல ஒத்திக்கலாம். மறுநாள் லேப்ல கொடுத்த பழைய சாஃப்ட்வேரை அதுல திறந்தான். மெனு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி! இன்னொரு சாஃப்ட்வேர் சரியான சைஸ்லதான் வந்துச்சு, ஆனா ஒரே மங்கல். கடைசியில ரெசல்யூஷனையே குறைச்சுட்டான். செருப்புக்கு ஏத்த மாதிரி காலை வெட்டிக்கிட்ட கதைதான்.

ஸ்கிரீன் மேல தப்பே இல்லைங்க. கணக்கைப் பாருங்க. 15.6 இன்ச்சில் 1366 × 768 உள்ள சாதாரண லேப்டாப்பில் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 100 பிக்ஸல். ரூம்மேட்டின் லேப்டாப்பில் சுமார் 242. "பட்டன் அகலம் 96 பிக்ஸல்" என்று கோடில் எழுதினால், அது அங்கே கிட்டத்தட்ட ஒரு இன்ச். இங்கே அரை இன்ச்கூட இல்லை. ஜாவா 8இல் ஓடும் ஸ்விங் ஆப்கள் விண்டோஸில் எறும்பாவது இதனால்தான். 2017இல் ஜாவா 9 வந்த பிறகுதான் ஸ்விங் தானாகவே ஸ்கேல் ஆகிறது.

சரி, மங்கல் எதுக்கு? விண்டோஸுக்கு 96 டிபிஐ என்பதுதான் 100 சதவீதம். "டிபிஐ எனக்குத் தெரியும், நானே பார்த்துக்கிறேன்" என்று ஆப் அறிவிக்காவிட்டால், விண்டோஸ் அதை 96 கணக்கிலேயே வரையவிட்டு, வந்த படத்தை இழுத்துப் பெரிசாக்கிவிடும். பாஸ்போர்ட் போட்டோவை ஃபிளெக்ஸ் பேனர் ஆக்குற வேலை. இங்கிலீஷ் எழுத்தாவது ஓரளவு தப்பிக்கும். தமிழில் புள்ளி கரைஞ்சா 'க்' எது, 'க' எதுன்னு தேடணும்.

"அதெல்லாம் ஓஎஸ் பார்த்துக்கட்டும், நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓஎஸ் கையில் இருப்பது வரைந்து முடித்த படம் மட்டும்தான். அதில் எது எழுத்து, எது கோடு என்று அதற்குத் தெரியாது. கூர்மையாகத் திரும்ப வரைய ஆப்பால்தான் முடியும்.

இது 4கே ஸ்கிரீன் வாங்கினவங்க பிரச்சினை மட்டும்னு நினைக்காதீங்க. எங்கப்பாவுக்கு வெள்ளெழுத்து. கடை லேப்டாப்ல 150 சதவீதம் வெச்சுக் கொடுத்தேன். 1366 × 768 ஸ்கிரீனில் 150 வைத்தால் ஆப்புக்கு மிஞ்சுவது சுமார் 910 × 512 அளவு இடம்தான். பில்லிங் சாஃப்ட்வேரோட விண்டோ அதைவிடப் பெரிசு, ஸ்க்ரோலும் கிடையாது. 'சேவ்' பட்டன் ஸ்கிரீனுக்கு வெளியே போயிடுச்சு. இப்போ அப்பா மறுபடியும் 100க்கே மாத்திட்டு, மூக்கு ஸ்கிரீன்ல இடிக்கிற மாதிரி உட்கார்ந்து பில் போடுறார். யாரோ ஒருத்தர் தன் மானிட்டரில் மட்டும் ஓட்டிப் பார்த்துட்டு "முடிஞ்சது"ன்னு சொன்னதோட விலை அது.

அந்த யாரோ, நாளைக்கு நாமதான். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும்போது யோசிக்காமலே 'டிபி' யூனிட் போடுறோம். 160 டிபிஐ ஸ்கிரீனில் ஒரு டிபி என்றால் ஒரு பிக்ஸல். மற்ற ஸ்கிரீன்களில் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். அதே நாம டெஸ்க்டாப் மினி புராஜெக்ட்னு வந்தா, எக்ஸ் இவ்வளவு, ஒய் இவ்வளவுன்னு பிக்ஸலை ஆணி அடிச்சு வெச்சிடுறோம்.

பெரிய வேலை ஒண்ணும் இல்லை. டிகிண்டரில் 'பிளேஸ்'க்குப் பதில் 'கிரிட்', ஸ்விங்கில் நல் லேஅவுட்டுக்குப் பதில் ஏதாவது ஒரு லேஅவுட் மேனேஜர். ஐகானுக்கு எஸ்விஜி. கியூட்டி 6 என்றால் ஸ்கேலிங் ஏற்கெனவே ஆனில்தான் இருக்கும். டிகிண்டருக்கு இணையத்தில் கிடைக்கும் அந்த 'டிபிஐ அவேர்' வரியை ஒட்டினால் மட்டும் போதாது. மங்கல் போகும், ஆனால் பிக்ஸலில் கொடுத்த அளவெல்லாம் மறுபடி எறும்பாகிவிடும்.

டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு கோரிக்கை: ரிவ்யூவில் 100, 150, 200 என்று மூன்று அளவிலும் ஆப்பை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அதுக்கு ரெண்டு மார்க் ஒதுக்குங்க. மார்க்குக்காகவாவது செய்வோம். அப்புறம் அதுவே பழக்கமாயிடும்.