ஏசி பூட்டமுன் வயரைப் பாருங்கள்

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசில் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஏசி ஏறுகிறது. பங்குனி, சித்திரை வெக்கைக்கு வேண்டியதுதான். ஆனால் என்ன மார்க், எவ்வளவு விலை என்று துருவிக் கேட்பவர்கள், அதற்குரிய கரண்ட் எந்த வயரால் வரப்போகிறது என்று கேட்பதில்லை. இடம்பெயர்ந்து திரும்பிவந்த காலத்தில், இரண்டு லைற்றும் ஒரு ஃபானும் ஓடினால் போதும் என்று இழுத்த வயர் பல வீடுகளில் இன்னும் சுவருக்குள் கிடக்கிறது.

வயரிங் வேலை செய்பவன் நான். எனக்கு வயரைவிட மூட்டில்தான் பயம். உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடிக்கும், ஸ்குரூ தளரும், தடை கூடும். 2000 வாற் கேத்திலுக்கு ஏறக்குறைய 9 அம்பியர் ஓடும். மூட்டில் 0.3 ஓம் தடை இருந்தால் பயறளவு இடத்தில் 24 வாற் சூடு. சின்ன சோல்டரிங் அயர்ன் ஒன்றுக்கு அது போதும். சூடேறினால் உலோகத்தின் அணுக்கள் கூட அதிரும், இலத்திரன்கள் இடறுப்படும். செம்பில் பாகைக்கு 0.4 வீதமளவில் தடை ஏறும். 30 பாகையிலிருந்து 90க்குப் போனால் கிட்டத்தட்டக் கால்வாசி கூடிவிடும். மேலே ஒட்சைட்டும் படியும். தடை ஏறச் சூடு, சூடு ஏறத் தடை. சாதாரண பிவிசி உறைக்கு வரம்பே 70 பாகைதான்.

கருகிய பிளக் பேஸ் ஒன்றைக் கழற்றினால், முனையில் மட்டுமல்ல, ஒரு விரல் நீளத்துக்கு உள்ளேயும் உறை விறைத்து, மடித்தால் நொறுங்கும். கரண்டை நன்றாகக் கடத்தும் உலோகம் சூட்டையும் நன்றாகக் கடத்தும். இரண்டையும் சுமப்பது அதே இலத்திரன்கள். இலத்திரனை அறியமுன்னரே, இரண்டு கடத்தலும் சேர்ந்தே போகும் என்று 1853இல் வீடமன், ஃபிரான்ஸ் என்ற இரு ஜெர்மானியர் அளந்து காட்டிய சங்கதி. ஆகவே பேஸை மட்டும் மாற்றி, அதே கருகிய முனையைத் திரும்பவும் முறுக்குவது வேலையே அல்ல. பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டவேண்டும்.

“ட்ரிப் சுவிச் இருக்குத்தானே அண்ணை” என்பார்கள். அது கசிவுக்குத்தான் விழும். இங்கே கசிவும் இல்லை, கரண்ட் அளவு மிஞ்சவும் இல்லை. பிரேக்கரும் பேசாமல் இருக்கும்.

ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து, இடையில் மூட்டில்லாமல், தனி வயரும் தனி பிரேக்கரும் போடுங்கள். ஏசியின் விலையோடு பார்த்தால் சின்னக் காசு. இதைச் சொன்னால் பில்லைக் கூட்டப் பார்க்கிறான் என்று வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். அவர் பக்கத்துப் பேஸிலிருந்து இழுத்து, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போய்விடுவார். கூப்பிடுங்கள், குறையில்லை. காசு கொடுக்கமுன் மூட்டு எங்கே இருக்கிறது என்று அவரிடமும் ஒருக்கால் கேளுங்கள்.