ஓர் இறகின் சாட்சியம்



வழியில் கிடக்கும் ஓர் இறகைக் கண்டதும் குனிந்து எடுக்காத பிள்ளை இல்லை. 'இது எந்தப் பறவையினுடையது?' என்ற கேள்வியோடு அது நம் கைக்கு வந்து சேரும். அக்கேள்விக்கு அவசரப்பட்டு விடை கூறி நான் வெட்கப்பட நேர்ந்த நிகழ்ச்சி ஒன்றை இம்மாதம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் மதரஸாவை அடுத்த வீட்டில் கோழிக்குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமற் போயின. அவ்வீட்டு ராத்தா பெரிதும் வருந்திக்கொண்டிருந்தார். அந்நாளில் மாணவர்கள் வேப்பமரத்தடியிலிருந்து ஓர் இறகைக் கொண்டு வந்தனர். குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள். "ஹஜ்ரத், இது எந்தப் பறவை?" என்றனர். ஒரு கணமும் சிந்திக்காமல், "வல்லூறு" என்று சொல்லிவிட்டேன்.

சற்று நேரத்தில் வெளியே ஆரவாரம். மரத்தின் உச்சிக்கிளையில் ஒரு கூடு. கீழே உண்டிவில்லும் நீண்ட கழியுமாகப் பிள்ளைகள். "குஞ்சு திருடிய வல்லூற்றின் கூட்டைக் கலைக்கப் போகிறோம். தாங்கள்தானே சொன்னீர்கள்!" என்றான் ஒருவன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களை உள்ளே அழைத்து, இறகை மேசைமேல் வைத்து, அளவுகோலையும் பறவைகளைப் பற்றிய நூல் ஒன்றையும் எடுத்தேன்.

முதலில் இறகின் இடத்தை அறிய வேண்டும். நடுத்தண்டின் ஒருபுறம் குறுகியும் மறுபுறம் அகன்றும் இருந்தால் அது சிறகிறகு. இருபுறமும் ஏறத்தாழ ஒத்திருந்தால் வாலின் நடுவிறகு. எங்களுக்குக் கிடைத்தது வாலிறகு.

அடுத்தது அளவு. வைரி என்றும் வழங்கும் அந்தச் சிறிய வல்லூறு புறாவின் பருமனே உடையது. அதன் வால் சுமார் 15 செ.மீ. நீளம்தான். கரும்பருந்தின் வாலிறகோ ஒரு சாணைக் கடந்து நீளும். எங்கள் இறகு 19 செ.மீ. இருந்தது.

மூன்றாவது நிறம். இங்குதான் நான் ஏமாந்தேன். வல்லூற்றின் வாலில் சாம்பல் நிறத்தின்மேல் கரும்பட்டைகள் இருக்கும். என் கையிலிருந்த இறகிலோ கரும்பழுப்பின்மேல் வெண்பட்டைகள்! அது வல்லூறு அன்று, பெண் குயில். ஆண் குயில் மட்டுமே கறுப்பு. பெண் குயில் பழுப்பு உடலெங்கும் வெண்புள்ளிகளும் பட்டைகளும் கொண்டது என்பதைப் பலரும் அறியார்.

குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிடும். மரத்தை அண்ணாந்து பார்த்தோம். கூட்டில் அமர்ந்திருந்தது ஒரு காக்கை! முட்டையிட வந்த குயிலை அது துரத்தியபோது இறகு உதிர்ந்திருக்கலாம். என் ஒரு சொல்லால் குற்றமற்ற ஒரு கூடு சிதைய இருந்தது.

இறகை ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட அறிஞர்கள் உண்டு. 1960 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு விமானம் விழுந்து 62 பேர் மாண்டனர். எஞ்சினில் சிக்கியிருந்த இறகுத் துணுக்குகள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பப்பட்டன. ராக்ஸி லேபோர்ன் என்ற பெண்மணி அவற்றை ஆராய்ந்து, மைனாவின் இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் என்னும் சிறு பறவையினுடையவை என்று கண்டறிந்தார். இறகின் அடிப்பகுதியிலுள்ள மென்தூவிகளை நுண்ணோக்கியில் பார்த்து இனத்தைப் பிரித்தறிவது அவருடைய முறை. துணுக்கைக்கூட அத்தனை பொறுமையோடு பார்ப்பவர்கள் இருக்க, முழு இறகைக் கையில் வைத்துக்கொண்டு நான் பாராமலே தீர்ப்பளித்தேன்!

மறுநாள் ராத்தாவின் கோழிக்கூண்டைப் பார்த்தோம். அடிப்பலகையில் ஓட்டை இருந்தது. அதை அடைத்த பிறகு குஞ்சுகள் குறையவில்லை.

வல்லூறே வந்திருந்தாலும் அதன் கூட்டைக் கலைப்பது முறையன்று. எலியையும் ஓணானையும் பிடித்துண்ணும் பறவை அது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டைப் பறவைகளுக்குக் காப்பளிக்கிறது.

உங்கள் பிள்ளை இறகொன்றைக் கொண்டு வந்தால் உடனே பெயர் சொல்லாதீர்கள். அளக்கச் சொல்லுங்கள், நிறத்தை எழுதி, படம் வரையச் சொல்லுங்கள். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கைகளைக் கழுவட்டும். 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று அன்று நான் சொல்லியிருந்தால், என் மாணவர்கள் கழி தூக்கியிருக்க மாட்டார்கள்.