டி டிரைவுக்குக் காவல் இருக்கிறதா?

சிவகாசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். வருகிறவர்களில் பலர் வீட்டிலிருந்தே காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் டிசைன் செய்கிறவர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் பற்றிச் செய்தி வந்துவிட்டால், "எந்த ஆன்டிவைரஸ் போட்டா நல்லது, அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். "உங்க ஃபைலெல்லாம் எந்த டிரைவ்ல இருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-இல் 2017 அக்டோபர் முதலே ரேன்சம்வேர் தடுப்பு ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று பெயர். முன்பின் தெரியாத புரோகிராம் நம் ஃபைல்களை மாற்றி எழுத வந்தால் மறித்துவிடும். ஆனால் நாம் போய் ஆன் செய்தால்தான் வேலை செய்யும். ஆன் செய்தாலும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற ஃபோல்டர்களை மட்டுமே தானாகக் காக்கும். அவை வழக்கமாக சி டிரைவில் இருப்பவை. நம் பக்கத்திலோ, ஃபார்மேட் செய்தால் போய்விடுமே என்று பயந்து பிழைப்புக்கான டிசைன்களையும் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களையும் டி டிரைவில்தான் போட்டு வைக்கிறோம். அதை நாமே பட்டியலில் சேர்க்காவிட்டால் அங்கே காவலே இல்லை. வேறு கம்பெனி ஆன்டிவைரஸ் போட்டால், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். இந்தத் தடுப்பும் அதோடு நின்றுவிடும். புதிதாக வாங்கியது டி டிரைவைப் பார்த்துக்கொள்கிறதா என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு.

ரேன்சம்வேர் வரும் வழியும் ஒன்றல்ல. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வானாக்ரை, விண்டோஸிலிருந்த ஓட்டை வழியாகத் தானாகப் பரவியது. அதை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. வீட்டு சிஸ்டங்களை அதிகம் பாழாக்கிய ஸ்டாப் எனப்படும் டிஜேவியு வேறு வகை. திருட்டு சாஃப்ட்வேரைத் திறக்கும் 'கிராக்'குக்குள் ஒளிந்து வரும். கிராக்கோடு வரும் குறிப்பில் பெரும்பாலும் முதல் வரியே, "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்றிருக்கும். சொன்னபடி அணைக்கிறார்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பானாலும் அந்த நிமிடத்தில் செத்துவிடுகிறது. பிறகு பணம் கேட்டு மிரட்டும் குறிப்பு வரும்; பல வருடங்கள் அது 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி என்றிருந்தது. டிஜேவியு ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டுகிறது. அதனால் நீளமான கல்யாண வீடியோவைச் சில சமயம் மீட்டுவிடலாம். சின்ன போட்டோக்களை அப்படி மீட்க வழியில்லை. அதைப் பெற்றோரிடம் சொல்வதைப்போல் கஷ்டமான வேலை எங்கள் தொழிலில் கிடையாது.

ஆகவே ஆன்டிவைரஸை எடைபோடும்போது, எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆகிய ஆய்வகங்கள் முடிவுகளை இணையத்தில் இலவசமாக வெளியிடுகின்றன. அவற்றில் பொய் எச்சரிக்கைக் கணக்கும் இருக்கும். என் பார்வையில் வீட்டுக்கு அதுதான் முக்கியம். நல்ல புரோகிராமைத் திரும்பத் திரும்ப மறிக்கும் காவலை மனிதர்கள் ஒருநாள் அணைத்தே விடுவார்கள். கோரல்டிராவில் ஃபைல் சேவ் ஆகவில்லை என்று கோபப்பட்டுத் தடுப்பையே நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தால் போதும். சில சாஃப்ட்வேர்கள், பூட்டு விழத் தொடங்கியதும் பழைய ஃபைலை மீட்டுத் தருவதாகச் சொல்கின்றன. நல்ல வசதிதான், எவ்வளவு பெரிய ஃபைல் வரை மீட்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். டிசைன் ஃபைல்கள் சாதாரணமாகவே பெரியவை.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் ஓட்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குக்குத்தான். டிஃபெண்டரும், ஆதரவுக் காலம் முடியாத விண்டோஸுக்கு அப்டேட்டும் காசில்லாமல் வருகின்றன. டிஸ்கில் காப்பி எடுத்து முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிட வேண்டும். செருகியே விட்டால் ரேன்சம்வேர் அதையும் பூட்டும். மாதம் ஒருமுறையாவது அதிலிருந்து ஏதாவது ஒரு படத்தைத் திறந்து பாருங்கள்.

ஏற்கெனவே பூட்டு விழுந்துவிட்டதா? உடனே நெட்டைத் துண்டியுங்கள். பணம் கட்ட வேண்டாம். சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் கொடுங்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில், பூட்டப்பட்ட ஃபைல் ஒன்றைக் கொடுத்தால் சாவி இருக்கிறதா என்று இலவசமாகச் சொல்வார்கள். இல்லையென்றாலும் அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யச் சொல்லாதீர்கள். காண்ட்கிராப் என்ற ரேன்சம்வேரின் மூலச் சாவிகளை 2019-இல் எஃப்பிஐ வெளியிட்டது. டிஜேவியுவின் 148 வகைகளுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு இலவச மீட்புக் கருவி கொடுத்தது. பூட்டிய டிஸ்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களுக்குத்தான் அவை பயன்பட்டன.