கேட்டுக்கு வெளியே மூன்றரை நாள்

பி.காம். படித்தவனுக்குச் சொந்தபந்தத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. டாக்டரைப் பார்த்தால் நாக்கை நீட்டுகிற மாதிரி, இவனைப் பார்த்தால் கணக்கு நோட்டை நீட்டுவார்கள். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்காகக் காத்திருக்கும்போதுகூட, பக்கத்து இலைக்காரர், “ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் லேட்டானா எவ்வளவு தம்பி ஃபைன்?” என்பார். போன மாதம் என்னை அப்படிப் பிடித்தவர் சங்ககிரி மாமா.

“மாப்ள, ஒரு நா வந்து நம்ம நோட்டைப் பாத்துட்டுப் போங்க. ஆடிட்டர் லாபம்ங்கறாரு. பொட்டியத் தொறந்தா ஒண்ணையுங் காணோம். அந்த லாபம் எங்க போயி ஒளிஞ்சிருக்குதுன்னு கண்டுபுடிச்சுக் குடுங்க.”

சங்ககிரிக்காரர்களுக்கு லாரி பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாமக்கல்லில் பாடி கட்டுவார்கள், திருச்செங்கோட்டில் போர் போடுகிற வண்டி, சங்ககிரியில் லோடு லாரி. மாமா பதினாறு வயதில் கிளீனராக ஏறினார். டிரைவராகி, பங்குக்கு ஒரு வண்டி வாங்கி, பங்காளியோடு சண்டை போட்டு, இன்றைக்கு ஐந்து டென்-வீலர். அதில் இரண்டுக்கு இன்னும் டியூ ஓடுகிறது. மூத்த வண்டியை விற்றுவிடலாமா என்று யோசனை வந்த பிறகுதான் எனக்கு போன் போட்டிருக்கிறார். அந்த வண்டிக்கு அத்தை பெயர் வைத்திருக்கிறது. விஷயம் சீரியஸ் என்று அப்போதே எனக்குப் புரிந்தது.

ஆபீஸ் என்றால் தகர ஷெட். ஒரு மேஜை, பிள்ளையார் படம், மூன்று செல்போன். நோட்டைப் பிரித்தேன்.

இரண்டு வருஷம் முன்பு வரை மாமா புக்கிங் ஆபீஸ் லோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தார். அதாவது புரோக்கர் லோடு. புரோக்கர் கமிஷன் பிடிப்பார், ஏற்று மாமூல் இறக்கு மாமூல் பிடிப்பார், ஏதாவது ஒரு கணக்கு சொல்லி இன்னும் கொஞ்சம் பிடிப்பார். ஆனால் வண்டி கிளம்பும்போது வாடகையில் முக்கால்வாசிக்கு மேல் அட்வான்ஸாகக் கைக்கு வந்துவிடும். டீசலுக்கு அலைய வேண்டாம். பாக்கி, சரக்கு இறக்கிய சீட்டு திரும்பி வந்ததும்.

அப்புறம் மாமாவுக்கு ஒரு கௌரவ ஆசை வந்தது. ‘கம்பெனி காண்ட்ராக்ட்!’ சேலம் பக்கத்து கோடௌன் ஒன்றிலிருந்து மும்பைக்குப் பக்கத்தில் பிவண்டி வரை, பெட்டி பெட்டியாகச் சரக்கு. நடுவில் புரோக்கர் கிடையாது. வருஷம் முழுக்க லோடு. அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ஊரில் லட்டு கொடுத்தாராம். வாடகை மட்டும் பில் கொடுத்து 75 நாள் கழித்து வரும்.

“75 நாள்தானுங்களே, ஓடியே போயிரும்னு நெனச்சேன்” என்றார்.

அங்கேதான் லாபம் ஒளிந்திருந்தது. ஒரு பேச்சுக்கு ஒரு டிரிப் வாடகை 60,000 என்று வையுங்கள். ஐந்து வண்டி, மாதம் தலா மூன்று டிரிப். மொத்தம் மாதத்துக்கு 9 லட்சம். இரண்டரை மாதம் கழித்துத்தான் பணம் என்றால், எந்த நாளில் பார்த்தாலும் மாமாவின் 22 லட்சத்து 50 ஆயிரம் அந்தக் கம்பெனியிடம் இருக்கிறது. ஆனால் டீசல் பங்கில் 75 நாள் கடன் சொல்ல முடியுமா? சுமார் 1,200 கிலோமீட்டர், லிட்டருக்கு நாலு என்றாலும் 300 லிட்டர். 90 ரூபாய் என்று போட்டால் போகிற வழிக்கு மட்டும் 27,000. டோல்கேட்டில் ஃபாஸ்டேக் கண்ணிமைக்கும் நேரத்தில் உருவிக்கொள்கிறது. டிரைவர் பேட்டா, டயர், இன்சூரன்ஸ், டியூ எல்லாமே ரொக்கம். அதனால் மாமா ரெண்டு வட்டிக்கு வெளியில் வாங்கியிருக்கிறார். 22 லட்சத்து 50 ஆயிரத்துக்கு ரெண்டு வட்டி போட்டால் மாதம் 45,000.

“மாமா, நீங்க லாரி கம்பெனி நடத்தலைங்க. பைனான்ஸ் கம்பெனி நடத்தறீங்க. வட்டி மட்டும் வாங்கறதில்லை.”

மாமா கொஞ்ச நேரம் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீசல் விலை 2017 ஜூன் 16-ம் தேதியிலிருந்து நாடு முழுக்க தினசரி மாறலாம் என்று ஆனது. மாமாவின் அக்ரிமெண்ட் வாடகையோ வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாறும். சில கம்பெனிகள், டீசல் ஏறினால் வாடகையும் ஏறும் என்று ஒரு ஷரத்து போடுகின்றன. மாமாவின் அக்ரிமெண்டில் அது இல்லை. கேட்டிருக்கலாமே என்றால், கேட்டால் அடுத்த லாரிக்காரர் வாசலில் நிற்கிறாராம். அதுவும் நிஜம்தான். 2018 ஜூலையில் டென்-வீலரின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக அரசு உயர்த்தியது. “நாடு பூரா இருக்கற லாரியெல்லாம் ஒரே ராத்திரியில வீங்கிப்போச்சுங்க மாப்ள. சரக்கு வீங்குச்சா?” என்கிறார் மாமா. அதே மாதம் 20-ம் தேதி தொடங்கி எட்டு நாள் நாடு தழுவிய லாரி ஸ்டிரைக் நடந்தது. மாமாவும் வண்டியை நிறுத்தியிருக்கிறார். அந்த எட்டு நாளுக்கும் பைனான்ஸ்காரர் டியூ வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம்கூட எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. ஒரு பில்லைப் பார்த்துத்தான் அசந்து போனேன். வாடகையில் ‘லேட் டெலிவரி’ என்று 2,000 ரூபாய் பிடித்திருந்தார்கள்.

“வண்டி லேட்டாவே போகலீங்க” என்றார் மாமா. செல்போனை எடுத்து ஜி.பி.எஸ். கணக்கைக் காட்டினார். (அந்த ஜி.பி.எஸ். கருவியே கம்பெனி கட்டாயப்படுத்தி, மாமா காசில் மாட்டியது.) செவ்வாய்க்கிழமை லோடு ஏற்றிய வண்டி, வெள்ளி சாயங்காலம் 6 மணிக்கு பிவண்டி கோடௌன் கேட்டுக்கு இருநூறு மீட்டர் தள்ளி நிற்கிறது. சனிக்கிழமை அதே இடம். ஞாயிறும் அதே இடம். திங்களும் அதே இடம். செவ்வாய் காலை 8 மணிக்குத்தான் உள்ளே நுழைகிறது. மொத்தம் 86 மணி நேரம்!

காரணம் சிம்பிள். மாசக் கடைசியில் சேல்ஸ் டார்கெட்டுக்காக இந்தப் பக்கம் அள்ளி அள்ளி அனுப்புகிறார்கள். அந்தப் பக்கம் கோடௌனில் இடம் இல்லை. அப்போது லாரிதான் கோடௌன். வாடகை கிடையாது, வாட்ச்மேன் சம்பளம் கிடையாது. டிரைவரே வாட்ச்மேன். கேபினுக்குப் பக்கத்தில் ஸ்டவ்வைப் பற்ற வைத்துச் சோறாக்கி, சரக்குக்குக் காவல் காக்கிறார்.

“நிறுத்தி வெச்சா ஹால்டிங் சார்ஜ் உண்டுங்களே?” என்று அக்ரிமெண்டைப் புரட்டினேன். இருந்தது. 48 மணி நேரம் ஃப்ரீ. அதற்கு மேல் நாளொன்றுக்கு 1,500. ஆனால் நேரம் எப்போதிலிருந்து? கேட் ரிஜிஸ்தரில் பதிந்ததிலிருந்து. கேட்காரர் எப்போது பதிவார்? வண்டி உள்ளே நுழையும்போது. செவ்வாய் காலை நுழைந்து செவ்வாய் மாலையே இறக்கியாயிற்று. ஆகவே ஹால்டிங் பூஜ்யம். சரக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் சேர வேண்டும் என்பது ஷரத்து, ரிஜிஸ்தரில் செவ்வாய் என்று இருக்கிறது. ஆகவே அபராதம் 2,000. ஒரே ரிஜிஸ்தர், ஒரே கையெழுத்து. நமக்கு வர வேண்டியதையும் தடுக்கிறது, நம்மிடமிருந்தும் பிடுங்குகிறது! அந்த 86 மணி நேரம் லாரி பூமியிலேயே இல்லை போலிருக்கிறது.

இதில் இன்னொரு கூத்து. ஈ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். 1,200 கிலோமீட்டருக்கு ஆறு நாள். வரிசையில் நின்றதில் அது திங்கள் நடுராத்திரியோடு காலாவதி. முடிகிற நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னே பின்னே நீட்டிக்கொள்ளலாம். அதற்காக மாமா அன்றைக்கு ராத்திரி கண் விழித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, செல்போனைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அத்தை, ‘இந்த வயசுல ராத்திரி பன்னண்டு மணிக்கு யாருக்கு மெசேஜு?’ என்று கேட்டது தனிக்கதை.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருந்தேன். லாரிக்காரர்கள் பில்லைப் பாஸ் செய்வது என் வேலை. பாஸ் செய்யாமல் இருப்பதும் என் வேலைதான். ‘சீல் சரியாகப் படவில்லை’ என்று ஒரு பில்லைத் திருப்பினால் பத்து நாள் லாபம். ‘வண்டி நம்பரில் அடித்தல்’ என்றால் இன்னொரு பத்து நாள். பணம் போடுவது மாதத்தில் இரண்டே தேதி. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதிக்குத் தானாகவே போய்விடும். சீனியர் சொல்லிக் கொடுத்தார், நான் செய்தேன். ‘கேஷ் ஃப்ளோவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான்’ என்று பாராட்டும் கிடைத்தது. அந்த ஃப்ளோ எந்த ஊர் மாமாவின் பெட்டியிலிருந்து வருகிறது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

இதைப் படிக்கிற நீங்களும் ஏதோ ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருக்கலாம். ‘ஸார், எங்க பாட்டையும் எழுதுங்க’ என்பீர்கள். அதுவும் இருக்கிறது. மார்க்கெட்டில் வாடகை ஏறுகிற சமயம் பார்த்து, காண்ட்ராக்ட் லாரிக்காரர் போனை ஆஃப் பண்ணிவிட்டு வெளி லோடு அடிப்பார். ‘வண்டி கிளம்பிடுச்சு ஸார்’ என்பார். வண்டி ஷெட்டில் டயர் கழற்றிக் கிடக்கும். மாமாவிடம் கேட்டேன். “நானும் ரெண்டு தடவ செஞ்சிருக்கறனுங்க” என்று சிரித்தார். 75 நாள் கழித்துக் காசு தருகிறவருக்கு இன்றைக்கே வண்டி எதற்கு என்பது அவர் கணக்கு.

சரி, பி.காமின் பலத்தைக் காட்டுவோம் என்று நான் ஒரு கடிதம் எழுதினேன். 2006-ம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, என்ன அக்ரிமெண்ட் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. மாமா உத்யம் பதிவு போட்டிருக்கிறார், ஆகவே அவருக்குப் பொருந்தும். 2023-ல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு திருத்தம் வந்தது. சின்ன நிறுவனத்துக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் தராவிட்டால், நிஜமாகத் தருகிற வருஷம் வரை கம்பெனி அதைச் செலவாகக் காட்டிக்கொள்ள முடியாது. இரண்டு பக்கம். கடைசியில் ‘தங்கள் உண்மையுள்ள’ வேறு.

மாமா நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

“அருமையா எழுதியிருக்கறீங்க மாப்ள. இத அனுப்புனா காசு வந்துருமுங்களா?”

“வரும் மாமா. வட்டியோட வரும்.”

“அடுத்த லோடு வருமுங்களா?”

பி.காமில் அந்தப் பாடம் இல்லை. மாமா கடிதத்தை நாலாக மடித்துப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினார்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மூன்று செல்போனில் ஒன்று அடித்தது. அன்றைக்குத் தேதி 29. அதே கம்பெனி டெஸ்பாட்ச் பையன். மூன்று வண்டி, உடனே வேண்டும், மேலிடத்தில் கத்துகிறார்கள்.

மாமா என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். “வண்டி ரெடிங்க தம்பி. டீசல் காசு மட்டும் முன்னால போட்டு வுடுங்க. வாடகைல கழிச்சுக்கலாம்” என்றார். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. இரண்டு வருஷத்தில் மாமா இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை. “கேட்டுச் சொல்றேங்க” என்று பையன் வைத்துவிட்டான்.

டீ வந்தது. குடித்தோம். மாமா ஒன்றும் பேசவில்லை, போனைத் திருப்பித் திருப்பி வைத்தார். இன்னொரு டீ வந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து போன் வந்தது. ஒரு வண்டிக்கு மட்டும் டீசல் காசு போடுகிறார்களாம். மற்ற இரண்டும் பழையபடி.

“அப்ப ஒரு வண்டி வருதுங்க தம்பி” என்றார் மாமா.

அத்தை பெயர் வைத்த வண்டிதான் போனது. மற்ற இரண்டுக்கும் அன்றைக்கு ராத்திரியே புக்கிங் ஆபீஸில் சொல்லி வைத்தார். என் கடிதம் இன்னும் பிள்ளையாருக்குப் பின்னால்தான் இருக்கிறது.